பெருங்கூட்டத்தின் நடுவே தனித்த ஒருவர்

புகழை நாடாத மனிதர் மிகச் சிலர். நாலு பேர் நம்மை அறிய வேண்டும், நம் பெயர் ஊரில் நிலைக்க வேண்டும் என்னும் ஆசை குடிசையிலும் உண்டு, கோட்டையிலும் உண்டு. அவ்வாசை நிறைவேறிய ஒருவரைக் காணும்போது, இவருக்கு இனி என்ன குறை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் வரலாற்றைச் சற்றே நிதானித்துப் படிப்போமாயின், புகழின் உச்சியில் நின்றவர்களுள் பலர் அன்புக்கு ஏங்கியவர்களாய் இருந்ததைக் காண்கிறோம். பல்லாயிரவர் நேசித்த ஒருவருக்கு, ஒருவருடைய நேசம் எட்டாக் கனியாய்ப் போனது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடிப் பழங்கால அரசவைகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில், மேலைநாட்டு ராக் இசையுலகில் வாழ்ந்து மறைந்த ஒருவருடைய வரலாறே போதுமானது. அவர் பிரெட்டி மெர்க்குரி. ‘குயின்’ என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் பாடகர்.

ராக் பாடகர்களின் வாழ்க்கை என்றதும் மதுவும் களியாட்டமும் கட்டற்ற காதலுமே நம் நினைவுக்கு வருகின்றன. பத்திரிகைகள் அவற்றையே விற்றன. வாசகர்களும் அவற்றையே விரும்பி வாங்கினர். நாம் இங்கே அக்கதைகளை மீண்டும் சொல்ல வரவில்லை. அவற்றின் அடியில் கிடந்த ஒரு வெறுமையைப் பற்றியே பேச விரும்புகிறோம். மெர்க்குரியுடன் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் எழுதிவைத்த நினைவுகளும், அவரே பேட்டிகளில் சொல்லிச் சென்றவையும் இதற்குப் பெருந்துணையாக உள்ளன.

கடல் கடந்த சிறுவர்

இவருடைய இயற்பெயர் பரூக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5-இல் ஸான்ஸிபார் தீவில் பிறந்தார். கிராம்பு மணக்கும் அத்தீவு அந்நாளில் ஓமானிய வழிவந்த சுல்தான்களின் ஆட்சியில், பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. அராபியரும் ஆப்பிரிக்கரும் இந்தியரும் கலந்து வாழ்ந்த இந்துமாக் கடல் துறைமுகம் அது. தந்தை போமி அங்கே பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளராகப் பணியாற்றினார். குடும்பத்தினர் பார்சிகள், குஜராத்தின் புல்சார் நகரே அவர்களின் குடிப்பெயருக்கு மூலம்.

பையனுக்கு எட்டு வயதானபோது, 1955-இல், பெற்றோர் அவரைக் கப்பலேற்றிப் பம்பாய் மாநிலத்தின் மலைநகரான பஞ்சகனிக்கு அனுப்பினர். அங்குள்ள தூய பேதுரு பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தார். தாய் தந்தையர் கடலுக்கு அப்பால் இருந்தனர். நல்ல கல்விக்காகப் பிள்ளையைப் பிரிந்திருப்பது அக்கால வழக்கமே. இதைக் கொண்டு பெற்றோரைக் குறை கூறுதல் தகாது. எனினும், எட்டு வயதில் வீட்டை இழந்த பிள்ளை வேறெங்கோ ஒரு வீட்டைத் தேடிக்கொள்கிறது. இவர் அதைப் பியானோவில் தேடினார். பள்ளித் தோழர்களுடன் ‘ஹெக்டிக்ஸ்’ என்றொரு சிறு குழுவையும் அமைத்தார். ‘பிரெட்டி’ என்னும் பெயரும் அத்தோழர்கள் வழங்கியதே.

1964 ஜனவரி 12-இல் ஸான்ஸிபாரில் புரட்சி வெடித்தது. சுல்தான் ஆட்சி வீழ்ந்தது. அராபியரும் இந்தியரும் உயிருக்கு அஞ்சி ஓடினர். புல்சாரா குடும்பமும் அவ்வாண்டே இங்கிலாந்து சேர்ந்து, இலண்டனுக்கு மேற்கேயுள்ள பெல்தாம் என்னும் ஊரில் குடியேறியது. பதினேழு வயது இளைஞருக்கு அது மூன்றாவது நாடு. ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்று 1969-இல் பட்டயம் பெற்றார். கென்சிங்டன் சந்தையில், பின்னாளில் தம் குழுவின் முரசு கொட்டியாக விளங்கிய ரோஜர் டெய்லருடன் சேர்ந்து பழைய உடைகள் விற்றார். 1970-இல் ‘குயின்’ குழு தோன்றியது. அதையொட்டியே அவர் தம் குடிப்பெயரையும் நீக்கி, ‘மெர்க்குரி’ எனச் சூடிக்கொண்டார். புதன் கோளுக்கும் பாதரசத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான். அதுமுதல் ஓருடலில் இருவர் வாழலாயினர்: உலகம் அறிந்த மெர்க்குரி ஒருவர், வீட்டார் அறிந்த புல்சாரா மற்றொருவர். மேடையில் தோன்றும் மனிதர் வேறு, தாம் வேறு என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

புகழுக்கு முன் வந்த அன்பு

குழு தோன்றிய அந்நாட்களிலேயே அவர் மேரி ஆஸ்டின் என்னும் பெண்ணைச் சந்தித்தார். மேரிக்கு வயது பத்தொன்பது. ‘பீபா’ என்ற ஆடைக்கடையில் வேலை. இருவரிடமும் காசில்லை. கென்சிங்டனில் ஒரு சிறு அறையில் ஒன்றாக வாழ்ந்தனர். 1973-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவர் மேரியிடம் ஒரு பெரிய பெட்டியைத் தந்தார். அதற்குள் ஒரு பெட்டி, அதற்குள் இன்னொன்று என்று திறந்துகொண்டே போனபோது, கடைசிச் சிமிழில் பச்சைக்கல் மோதிரம் இருந்தது. நிச்சயத்தின் அடையாளமாக அவர் தந்த மோதிரம் அது.

1975-இல் குயினின் ‘போஹீமியன் ராப்ஸடி’ பாடல் வெளிவந்து, பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. அப்பாடல் இடம்பெற்ற அதே இசைத்தட்டில் ‘லவ் ஆஃப் மை லைஃப்’ என்னும் மெல்லிசைப் பாடலும் உண்டு. மெர்க்குரி மேரியை எண்ணியே அதை இயற்றினார் எனப் பலரும் கொள்வர். புகழ் வாயிலைத் தட்டிய அந்நேரத்தில்தான் வீட்டினுள் ஒரு பிளவு தோன்றியது. தமக்கு ஆண்கள்பால் ஈர்ப்பு உண்டென்பதை அவர் நெடுநாள் உள்ளத்திலேயே வைத்து வருந்தி, 1976-இல் மேரியிடம் வெளியிட்டார். மண எண்ணம் அத்துடன் முடிந்தது; பந்தம் முடியவில்லை. மேரிக்குத் தம் இல்லத்தின் அருகிலேயே வீடு வாங்கித் தந்தார். தம் இசைப் பதிப்பு நிறுவனத்தில் பணியும் தந்தார். பிற்காலத்தில் மேரியின் மூத்த மகனுக்கு ஞானத்தந்தையாகவும் இருந்தார். தமக்கிருக்கும் ஒரே தோழி மேரிதான் என்று 1985-இல் கூடச் சொன்னார்.

இங்கே நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. மேரி அறிந்தது பழந்துணி விற்ற இளைஞரை. அவர் பிற்பாடு எத்தனை பெரியவராயினும், மேரியின் கண்ணுக்கு அவ்விளைஞர் மறையவில்லை. புகழ் வந்தபின் அறிமுகமான எவருக்கும் அந்தப் பார்வை வாய்க்கவில்லை.

மேடைக்குப் பின் வரும் இரவு

ராக் இசைக் கலைஞரின் பயண வாழ்க்கையை அறியாதார்க்கு இத்தனிமையின் தன்மை எளிதில் விளங்காது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாடு; ஓர் அரங்கிலிருந்து இன்னோர் அரங்கு. மாலையில் இரண்டு மணி நேரம் பல்லாயிரவர் ஆரவாரம். அதன் பின் ஹோட்டல் அறை. உடம்போ ஆரவாரத்தின் சூடு தணியாமல் விடியும் வரை விழித்திருக்கிறது. அறைக்குள் யாருமில்லை. அந்த அமைதியைத் தள்ளிப்போடுவதற்காகவே விருந்துகள் பிறந்தன. விருந்துக்கு ஆட்கள் வேண்டும். ஆட்களைத் திரட்ட உதவியாளர்கள் வேண்டும். உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? பாடகரேதான். சம்பளம் பெறுபவர், ‘இன்று போதும், போய் உறங்குங்கள்’ என்று சொல்லத் துணிவதில்லை. இவ்வாறு தம்மைச் சுற்றித் தாமே எழுப்பிய ஒரு வளையத்துக்குள் அவர் அடைபட்டார்.

1978 அக்டோபர் 31-இல், ‘ஜாஸ்’ என்னும் இசைத்தட்டின் வெளியீட்டையொட்டி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் குயின் குழுவினர் அளித்த விருந்து ராக் உலகின் பழங்கதையாகவே ஆகிவிட்டது. அவ்விரவு நடந்ததாகச் சொல்லப்படுபவற்றுள் பல, ஆண்டுதோறும் வளர்ந்துவந்தவை. விருந்தில் இருந்தவர்களே சிலவற்றை மறுத்துள்ளனர். ஆயினும், மிகையும் ஒரு சான்றுதான். எத்தகைய மெர்க்குரியை உலகம் விரும்பியது என்பதை அம்மிகைக் கதைகள் நமக்குக் காட்டுகின்றன. ஓய்வற்ற கொண்டாட்டக்காரராகவே அவரைக் காண மக்கள் விரும்பினர். அவரும் அவ்வேடத்தைக் குறையின்றி ஆடினார்.

1979 முதல் அவர் ஜெர்மனியின் மியூனிச் நகரில் நெடுங்காலம் தங்கலானார். அங்குள்ள ‘மியூசிக்லேண்ட்’ பதிவகத்தில் குழுவின் பாடல்கள் பதிவாயின. பகலில் பதிவு, இரவில் விடுதிகள் என்று நாட்கள் ஓடின. பலர் வந்தனர், பலர் போயினர். ஆஸ்திரிய நடிகை பார்பரா வேலன்டின் அந்நாளைய நெருங்கிய துணைவர்களுள் ஒருவர். காதல்கள் பல இருந்தும் ஒன்றும் வேரூன்றவில்லை. வருவோர் தம்மை நாடி வருகிறாரா, மெர்க்குரி என்னும் பெயரை நாடி வருகிறாரா என்ற ஐயம் ஒவ்வொரு நட்பின் வாயிலிலும் நின்றது. ஐயத்தோடு தொடங்கும் அன்பு சோதனையாக மாறிவிடும்; தொடர்ந்து சோதிக்கப்படும் அன்போ நெடுநாள் நிற்பதில்லை.

வெற்றி தமக்கு உலகத்தின் வழிபாட்டையும் கோடிக்கணக்கான பணத்தையும் தந்தது; ஆனால் மனிதர் எல்லார்க்கும் வேண்டிய ஒன்றை, நிலைத்த அன்புறவை, அடையவொட்டாமல் தடுத்துவிட்டது. இப்பொருள்படவே அவர் பேட்டியொன்றில் சொன்னார். புகழைப் பழிப்பது புகழுடையோரின் வழக்கமான நாகரிகப் பேச்சு என்று இதைத் தள்ளிவிடலாகாது. அவர் வாழ்ந்த விதம் இச்சொல்லுக்குச் சான்று பகர்கிறது.

1981 மார்ச் மாதத்தில் பிரேசில் நாட்டின் ஸாவோ பவுலோ நகரில், ஒரே இரவில் ஏறத்தாழ 1,31,000 பேர் குயின் இசையைக் கேட்கத் திரண்டனர். 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் மீண்டும் மாபெருங்கூட்டம். ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பாடலை அவர் தொடங்க, ஆங்கிலம் தாய்மொழியல்லாத அம்மக்கள் அதை ஒரே குரலாய்ப் பாடி முடித்தனர். ஒரு சிறு அறையில் தம்மோடு வாழ்ந்த ஒருவரை எண்ணி ஒருவர் எழுதிய பாடல் அது. உலகமே அதைப் பாடக் கற்றுக்கொண்டபோது, எழுதியவருக்கு அவ்வறை இல்லை.

முப்பத்தொன்பதாம் பிறந்தநாள்

1985-ஆம் ஆண்டு மெர்க்குரியின் வாழ்வில் மிக முக்கியமானது. ஏப்ரல் மாதம் அவருடைய முதல் தனி இசைத்தட்டு ‘மிஸ்டர் பேட் கை’ வெளிவந்தது. அதை அவர் எவருக்குக் காணிக்கையாக்கினார்? தம்முடைய பூனை ஜெர்ரிக்கு! பிற பூனைகளுக்கும், பூனைகளை நேசிப்போர் அனைவருக்கும்! வேடிக்கையாகச் செய்த செயலே; ஆயினும் அவ்வேடிக்கையின் உட்பொருளை நாம் தவறவிடலாகாது. பூனைக்குப் புகழ் தெரியாது. அது மடியில் வந்து படுத்தால், மடியை நாடியே படுக்கிறது. வெளிநாடுகளில் இருந்தபோது தொலைபேசியில் வீட்டுப் பூனைகளுடன் பேசுவார் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர்.

அவ்வாண்டு ஜூலை 13-இல், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக இலண்டன் வெம்பிளி திடலில் ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சி நடைபெற்றது. ஏறத்தாழ 72,000 பேர் கூடிய அத்திடலில் குயினுக்குக் கிடைத்தது சுமார் இருபது நிமிடமே. அந்த இருபது நிமிடத்தில் அவர் கூட்டத்தைத் தம் கைவிரலசைவுக்கு ஆட்டிவைத்த திறம் இன்றும் பேசப்படுகிறது. இரண்டு மாதம் செல்லவில்லை. செப்டம்பரில் அவருடைய முப்பத்தொன்பதாம் பிறந்தநாள் வந்தது. மியூனிச்சின் ஓர் இரவு விடுதியில் பெருவிருந்து ஏற்பாடாயிற்று. கறுப்பும் வெள்ளையுமே உடை என்பது கட்டளை. ஏறத்தாழ முந்நூறு விருந்தினர் வந்தனர். ஆண்கள் பலர் பெண்ணுடையில் வந்தனர். பிறந்தநாள் கண்டவர் விதூஷகர் அணியும் சதுரங்கக் கோல உடையில் துள்ளித் திரிந்தார்.

அந்த விருந்தை ஒளிப்படக் குழுவொன்று படம்பிடித்தது. அது ஒரு பாடலின் திரைவடிவமாக வெளியாயிற்று. பாடலின் பெயர் ‘லிவிங் ஆன் மை ஓன்’. தனித்து வாழ்தலைப் பற்றிய பாடல். முந்நூறு பேர் நடுவே சிரித்தாடும் ஒருவரின் உருவம் திரையில் ஓட, அதனடியில் தம் தனிமையைச் சொல்லும் அவருடைய குரல் ஒலித்தது. இதைத் திட்டமிட்ட முரண் என்பாரும் உளர். அகப்பட்ட படச்சுருளைப் பயன்படுத்திய சிக்கனம் என்பாரும் உளர். எதுவாயினும், ஒருவருடைய வாழ்வை இத்தனை துல்லியமாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. களியாட்டமும் தனிமையும் அவரிடம் மாறி மாறி வந்தவையல்ல. ஒரே இரவில், ஒரே உடலில் குடியிருந்தவை. அப்பாடல் அவ்வாண்டு பிரிட்டனில் ஐம்பதாவது இடத்தைத் தாண்டவில்லை. மக்கள் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை.

அவரை அறியாத ஒருவர்

இக்காலத்திலேயே அவர் தேடியது வேறொரு வாயில் வழியாக வந்து சேர்ந்தது. அயர்லாந்திலிருந்து வந்த ஜிம் ஹட்டன் என்பவர் இலண்டனில் முடிதிருத்துநராகத் தொழில் புரிந்தவர். ஓர் இரவு விடுதியில் மெர்க்குரி அவருக்கு மது வாங்கித் தர முன்வந்தபோது, அவர் மறுத்துவிட்டார். எதிரே நிற்பவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை! மறுபடியும் சந்தித்தபின், 1985-இல் இருவரும் இணைந்தனர். தொடக்கத்தில் பூசல்களுக்குக் குறைவில்லை. மெர்க்குரி மியூனிச்சுக்கும் இலண்டனுக்கும் இடையே அலைந்தார், மற்றவர்களையும் விட்டாரில்லை. எனினும், அப்பெருவிருந்துக்குப் பின் நெடுநாள் செல்லாமலே மியூனிச் வாழ்க்கையைத் துறந்து, கென்சிங்டனில் 1980-இல் வாங்கியிருந்த ‘கார்டன் லாட்ஜ்’ இல்லத்தில் நிலைத்தார்.

உயர்ந்த மதில் சூழ்ந்த அவ்வீட்டில் ஹட்டன் தோட்டத்தைப் பேணினார், மீன்குளம் பராமரித்தார். மெர்க்குரிக்குப் பொன் மோதிரம் ஒன்றும் அணிவித்தார். வெளியுலகுக்கு அவர் தோட்டக்காரர் மட்டுமே. பிரிட்டனில் வயது வந்த ஆடவர் இருவரின் உறவைக் குற்றமென்ற சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967-இல்தான் தளர்ந்தது. சட்டம் தளர்ந்தாலும் பத்திரிகைகளின் நாக்கு தளரவில்லை. பெற்றோரின் உள்ளம் நோகக் கூடாதென்பதும் அவருக்குப் பெரிது. இவற்றைத் தங்களிடம் பேசாதிருந்து அவர் தங்களைக் காத்தார் என்ற பொருளில் அவர் தாயார் பின்னாளில் கூறியதுண்டு. ஆக, உலகில் எவர்க்கும் மறைவில்லாத மனிதர் எனக் கருதப்பட்ட அவர், தமக்குக் கிடைத்த மெய்யன்பைத் தம் வீட்டு மதிலுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியவரானார்.

நோயும் இரகசியமும்

1987-ஆம் ஆண்டின் இளவேனிலில் தமக்கு எய்ட்ஸ் நோய் என்பதை அவர் அறிந்தார். அந்நாளில் அது மரணத் தீர்ப்பு. முதல் மருந்து அமெரிக்காவில் அவ்வாண்டுதான் ஒப்புதல் பெற்றிருந்தது. நோயை உண்மையாகக் கட்டுக்குள் கொண்டுவந்த கூட்டு மருத்துவம் 1996-இல் வந்தது. ஹட்டனை நோக்கி, நீர் விலகிப் போவதாயின் போகலாம் என்றார். ஹட்டன் போகவில்லை. அவ்வாண்டு பத்திரிகையொன்றில் மெர்க்குரியின் அந்தரங்கங்கள் வெளியாயின. விற்றவர், பல்லாண்டு அவருடன் ஒட்டியிருந்த முன்னாள் உதவியாளரே. எந்த ஐயம் அவரை நெடுங்காலம் வாட்டியதோ, அது மெய்யாயிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்பெயினின் இபிஸா தீவில் நாற்பத்தொன்றாம் பிறந்தநாள் விருந்து நடந்தது. பல நூறு பேர் வந்தனர். வாணவேடிக்கைகள் இரவைப் பகலாக்கின. விருந்தளித்தவர் தம் நாட்கள் எண்ணப்பட்டவை என்பதை அறிந்திருந்தார். வந்தவர்களுள் ஒரு சிலர் நீங்கலாக எவரும் அறியவில்லை. அந்த ஒளியையும் ஓசையையும் எண்ணிப் பார்க்கிறபோது நமக்கு வியப்பைவிட இரக்கமே மிகுகிறது.

எனினும், அவரது இறுதிக் காலத்தை முழுவதும் இருளாக எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. களியாட்டங்கள் குறைந்தன, வேலை பெருகியது. ஸ்பானிய இசையரசி மொன்செராத் கபாயேயுடன் இணைந்து ‘பார்ஸலோனா’ இசைத்தட்டை உருவாக்கினார். நிற்கவும் தளர்ந்த நிலையிலும் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ நகருக்குச் சென்று, குழுவினருடன் பாடல்களைப் பதிவு செய்தார். மாலைகளில் சிறு வட்டம், பூனைகள், ஏரிக்கரை அமைதி. மியூனிச்சின் முந்நூறு பேரால் ஆகாததை வீட்டில் இருந்த நால்வர் ஐவர் செய்தனர். அவருடன் விழித்திருந்தனர், அவருக்கு உணவூட்டினர், வெளியே எவரிடமும் பேசாதிருந்தனர்.

வெளியேயோ புகைப்படக்காரர்கள் இரவும் பகலும் மதிலோரம் காத்துக் கிடந்தனர். சாளரத் திரை விலகும் கணத்துக்காகக் கருவிகள் ஓங்கியபடியே நின்றன. 1991 நவம்பர் 23-இல், தமக்கு எய்ட்ஸ் என்பதை அறிக்கை வழியே உலகுக்குத் தெரிவித்தார். தம்மைச் சூழ்ந்திருப்போரின் அந்தரங்கத்தைக் காக்கவே இதுவரை மௌனம் காத்ததாகவும் அதில் குறிப்பிட்டார். மறுநாள் இரவு, நவம்பர் 24-இல், காலமானார். வயது நாற்பத்தைந்து. மூன்று நாட்களுக்குப் பின் ஜரதுஷ்டிர குருமார்கள் தம் மரபுப்படி சடங்குகளை நிகழ்த்தினர். வந்திருந்தோர் மிகச் சிலர். இலட்சங்களைத் திரட்டியவரின் இறுதிப் பயணத்துக்கு ஒரு சிறு குடும்பத்தின் அளவே கூட்டம்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் பாடகர் எல்டன் ஜானின் வீட்டுக்குத் தலையணை உறையில் சுற்றிய ஒரு பொருள் வந்தது. உள்ளே ஓர் ஓவியம். அவருக்குப் பிடித்த ஓவியர் தீட்டியது. மெர்க்குரி சாகுமுன் நண்பருக்காக வாங்கி வைத்திருந்தாராம். பெருவிருந்துகளில் பணத்தை நீராய் இறைத்தவரை உலகம் வள்ளல் என்றது. ஒருவர் உள்ளம் என்ன விரும்பும் என்று மரணப் படுக்கையில் எண்ணிப் பார்த்த இவ்வீகை, அவ்விருந்துகள் அனைத்திலும் பெரிது என்போம் நாம்.

புகழும் அன்பும்

இனி நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு வருவோம். புகழ் தீயது, அதை நாடியவர் அழிவர் என்னும் எளிய பாடத்தை இவ்வரலாற்றிலிருந்து எடுப்போர் உண்டு. நமக்கு அது உடன்பாடன்று. மேடை அவருக்கு மெய்யான மகிழ்ச்சியைத் தந்தது. இசை கடைசி மூச்சு வரை அவரைத் தாங்கியது. அவர் துன்பத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

புகழ் என்பது ஒருவழிப் பாதை. பல கோடிப் பேர் அவரை அறிவர். அவரோ அவர்களுள் ஒருவரையும் அறியார். அன்போ இருவழிப் பாதை; இருவரும் ஒருவரையொருவர் அறிந்தால்தான் அது உயிர்வாழும். ஒருவழிப் பாதையில் எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும், மறுவழியில் ஒருவர் நடந்து வந்ததற்கு ஈடாகாது. விருந்துகளால் அவர் நிரப்ப முயன்றது இந்த இடைவெளியையே. விருந்தோ அதே ஒருவழிப் பாதையின் நீட்சி. அங்கும் எல்லார்க்கும் அவரைத் தெரியும். அவரை நிலைத்து நேசித்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் புகழ் வருமுன் அறிந்தவர். மற்றவர் அப்புகழ் தெரியாமலே முதலில் ‘வேண்டாம்’ என்றவர். இருவரும் புகழின் வாயிலைத் தவிர்த்து, வேறு வாயில் வழியே உள்ளே வந்தவர்கள்.

நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. பாடகரோ நடிகரோ தலைவரோ, ஒருவரைப் போற்றும்போது நாம் அவரை அறிந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறோம். அவர் சிரித்தால் சுகமாய் இருக்கிறார் என்கிறோம். தனிமையைப் பாடினால், நன்றாகப் பாடினார் என்று கைதட்டுகிறோம். ‘லிவிங் ஆன் மை ஓன்’ பாடலுக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் உயிரோடிருந்த நாளில் ஐம்பதாம் இடத்தில் தேங்கிய அப்பாடல், 1993-இல் ஆட்டத்துக்கேற்ற தாளத்துடன் புதுப்பிக்கப்பட்டு, பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஒரு மனிதரின் தனிமைக்கு விருந்துக் கூடங்கள் தோறும் மக்கள் ஆடினர்.

உயிலின்படி கார்டன் லாட்ஜ் இல்லமும் சொத்தில் பாதியும் மேரிக்குச் சென்றன. காலம் வேறுவிதமாய் அமைந்திருந்தால் நீ என் மனைவியாயிருப்பாய், இவையெல்லாம் உன்னுடையவையாகவே இருந்திருக்கும் என்று அவர் தம்மிடம் சொன்னதாக மேரி பிற்பாடு தெரிவித்தார். ஹட்டனுக்கு ஐந்து இலட்சம் பவுண்டு கிடைத்தது. ஆனால் அவர் வளர்த்த தோட்டத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. தாயகம் திரும்பி, 2010 ஜனவரி முதல் நாளில் அவரும் மறைந்தார். மேரி முப்பதாண்டுக்கும் மேலாக அவ்வீட்டில் வாழ்ந்து, 2023 செப்டம்பரில் அதிலிருந்த பொருள்களை இலண்டனில் ஏலம் விடச் செய்தார். பியானோ ஒன்றே 17 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. மொத்த விற்பனை ஏறத்தாழ 4 கோடி பவுண்டு. மேடை உடைகளும் மீசை வாரும் சிறு சீப்பும் கூட ஏலத்தில் போயின.

விற்கப்படாதது ஒன்றுண்டு. தம் சாம்பல் எங்கே இருக்கிறதென்பதை எவருக்கும் சொல்லக் கூடாதென மெர்க்குரி மேரியிடம் கேட்டுக்கொண்டார். யாரும் தம்மைத் தோண்டி எடுக்க முயலக் கூடாதென்பது அவர் அச்சம். மேரி அதை ஈராண்டு தம் அறையிலேயே வைத்திருந்தார். பிறகு ஒருநாள், வீட்டிலிருந்தோருக்கும் சொல்லாமல் எடுத்துச் சென்று, அவர் விரும்பிய இடத்தில் சேர்த்தார். அவ்விடத்தை அவர் எவருக்கும் வெளியிட்டதில்லை. கூட்டம் தேடி வர முடியாத அவ்விடத்தை, பச்சைக்கல் மோதிரம் பெற்ற அந்தப் பெண் மட்டுமே அறிவார்.